ஹபீபா (ரலி) வந்து நின்ற வாசல்: ஜமாஅத்தும் குடும்ப வன்முறையும்

 

ஹம்து ஸலவாத்துக்குப் பிறகு, அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அன்ஸாரிப் பெண்மணி. கணவர் ஸாபித் பின் கைஸ் (ரலி) சாதாரண ஆளல்ல. நபி (ஸல்) அவர்களின் சபையில் பேச்சாளராக இருந்த பெரிய ஸஹாபி. அவர் மனைவியை உறுப்பு முறியும் அளவுக்கு அடித்துவிட்டார். ஸுப்ஹு நேரத்து இருட்டில் அந்தப் பெண்மணி நபியவர்களின் வாசலில் வந்து நின்றார். நபியவர்கள் என்ன செய்தார்கள்? விஷயத்தைக் கேட்டார்கள், ஸாபித்தை அழைத்தார்கள், கொடுத்த மஹரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடச் சொன்னார்கள். "அத்தாவைக் கூட்டி வா" என்றோ, "இவ்வளவு பெரிய மனிதர் மீதா புகார்?" என்றோ சொன்னதாக எந்த அறிவிப்பும் இல்லை.

இன்று காரைக்குடியிலோ, சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு மஹல்லாவிலோ ஒரு பெண் பள்ளிவாசல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றால் என்ன நடக்கிறது? பல ஊர்களில் அவள் பேசவே முடியாது. மனுவை அண்ணன் கொடுப்பார். விசாரணையில் மாப்பிள்ளையும் அவர் மாமாவும் உட்கார்ந்திருப்பார்கள். அடிபட்டவள் மட்டும் இருக்கமாட்டாள். கடைசியில் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போகட்டும்" என்று மினிட் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்கி, அதே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதற்குப் பெயர் சமாதானம்!

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் என்ற சகோதரியும் அவரோடு இருந்த பெண்களும் 2000-களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பல மாவட்டங்களிலிருந்து அடி, வரதட்சணை, தலாக் என்று மனுக்கள் அங்கே குவிந்தன. 2011-இல் அதைப் பற்றி ஒரு ஆவணப்படமே வந்தது. அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஆலிம்கள் ஏற்கவில்லை. அந்த விவாதம் வேறு. ஆனால் மஹல்லாவுக்கு மஹல்லா பள்ளிவாசல் இருக்கும்போது நம் பெண்கள் பஸ் ஏறி அங்கே ஏன் போனார்கள்? இதற்கு நிர்வாகிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்னிஸா அத்தியாயத்தின் 35-வது வசனம் கணவன் தரப்பில் ஒரு நடுவர், மனைவி தரப்பில் ஒரு நடுவர் என்கிறது. இரண்டு தரப்பு! அதற்கு முந்திய வசனத்தை மட்டும் நாக்கு நுனியில் வைத்திருப்பவர்கள், அந்த வசனம் யார் மீது இறங்கியதோ அவர்கள் வாழ்நாளில் ஒரு பெண்ணைக்கூடக் கை ஓங்கி அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) சாட்சி சொல்வதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சேர்ந்து வாழும்படி அறிவுரை சொல்லலாம். வற்புறுத்த நமக்கு அதிகாரமில்லை. பரீரா (ரலி) அவர்களிடம் முகீஸோடு சேர்ந்து வாழலாமே என்று நபியவர்களே கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். எனக்கு அவர் வேண்டாம் என்றார் பரீரா. அதோடு விஷயம் முடிந்தது. நபியின் பரிந்துரையையே ஒரு பெண் மறுக்க முடிந்தது என்றால், நம் கமிட்டியின் தீர்மானம் எம்மாத்திரம்?

சட்டமும் இதையே சொல்கிறது. பள்ளிவாசல் வளாகத்தில் ஷரீஅத் கவுன்சில் கோர்ட்டு போலச் செயல்படக் கூடாது என்று 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே எலும்பு முறிந்த கேஸை வைத்துக்கொண்டு நாம் நீதிபதி வேஷம் போட வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து மகளிர் காவல் நிலையம் அல்லது பாதுகாப்பு அலுவலர். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வன்முறை நடப்பதாக அறிந்த யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. அதாவது முத்தவல்லியும் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லலாம். மனைவியை வீட்டை விட்டுத் துரத்தாதே என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். போலீசுக்குப் போன பெண்ணை "குடும்ப மானத்தைத் தெருவுக்கு இழுத்தவள்" என்று பேசுகிறோமே, மானத்தை இழுத்தவன் கை ஓங்கியவன் அல்லவா?

அப்படியானால் ஜமாஅத்துக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. நிக்காஹ் தப்தர் நம் கையில். வெளியூரில் பெண் எடுக்க வேண்டுமென்றால் மாப்பிள்ளைக்கு ஜமாஅத் கடிதம் வேண்டும். முதல் மனைவியை அடித்து விரட்டிவிட்டு, அவளுக்கும் பிள்ளைகளுக்கும் செலவு கொடுக்காமல், அடுத்த நிக்காஹுக்குக் கடிதம் கேட்டு வருபவனிடம் "முதலில் அந்தக் கணக்கை முடித்துவிட்டு வா" என்று சொல்ல என்ன தயக்கம்? சந்தா பாக்கி வைத்தவனுக்குக் கடிதத்தை நிறுத்தத் தெரிந்த நமக்கு, இதற்கு மட்டும் ஏன் கை நடுங்குகிறது? கணவன் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்க, மாமியார் வீட்டில் கொடுமை அனுபவிக்கும் பெண்கள் நம் பக்கத்தில் உண்டு. அவர்களைப் போய்ப் பார்த்துப் பேச, மஹல்லாவில் விவரமான இரண்டு மூன்று பெண்களை நிர்வாகம் நியமிக்க வேண்டும். ஆண்கள் வாசலில் நின்று கேட்டால் மாமியாரை வைத்துக்கொண்டு எந்த மருமகள் வாய் திறப்பாள்?

பெண்கள் உதவி எண் 181. இதையும் சிவகங்கைப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணையும் பெண்கள் தொழும் பகுதிக்குள் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வெளிப் பலகையில் நின்று அதை எந்தப் பெண்ணும் குறித்துக்கொள்ள மாட்டாள்.

யா அல்லாஹ்! இந்த ஊரில் இன்று இரவு பயந்துகொண்டு படுக்கப்போகும் பெண்களுக்கு நீ பாதுகாவலனாக இருப்பாயாக. ஆமீன்.