படிவம் நிரப்புவோரும் படிவம் பற்றிப் பேசுவோரும்

உடல் முடியாமல் வேலையை விட்ட ஓர் அமெரிக்கத் தொழிலாளி, தான் வரி கட்டிய இயலாமைக் காப்பீட்டிலிருந்து மாதத்தொகை கேட்டு விண்ணப்பித்தால், அங்குள்ள சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் அவர் கையில் பல படிவங்களைக் கொடுக்கும். அவற்றில் ஒன்று எஸ்எஸ்ஏ-3373. பத்துப் பக்கம். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன செய்கிறீர்கள் என்று அது கேட்கும். உடுத்த, குளிக்க, தலைவார, சாப்பிட, கழிப்பறைக்குப் போக என்ன சிரமம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நீங்களே சமைக்கிறீர்களா, எவ்வளவு நேரம் ஆகிறது? சில்லறை எண்ண முடிகிறதா? எவ்வளவு தூரம் நடந்ததும் நின்று இளைப்பாற வேண்டியிருக்கிறது? மேலதிகாரிகளோடு ஒத்துப்போக முடிகிறதா? வழக்கத்துக்கு மாறான நடத்தையோ பயமோ உங்களிடம் தென்பட்டதா? மருத்துவரிடமோ மருத்துவமனையிடமோ கொடுத்து இதை நிரப்பச் சொல்ல வேண்டாம் என்று ஒரு குறிப்பும் உண்டு. குறிப்புகளைப் படித்து, விவரம் திரட்டி, பதில் எழுதி முடிக்கச் சுமார் 61 நிமிடம் ஆகும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்த 61 போகிறபோக்கில் போட்ட எண் இல்லை. 1980 டிசம்பரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட காகிதச் சுமைக் குறைப்புச் சட்டமும், 1995இல் அதைத் திருத்தி எழுதிய சட்டமும் சுமத்திய கடமை அது. கூட்டாட்சி அரசின் துறை ஒன்று மக்களிடம் படிவத்தை நீட்டுமுன், அதை நிரப்ப அவர்களுக்கு எவ்வளவு நேரம் போகும் என்று கணக்கிட வேண்டும். அரசிதழில் அறிவித்து 60 நாள் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். பிறகு வெள்ளை மாளிகையைச் சேர்ந்த மேலாண்மை, வரவு செலவு அலுவலகத்துக்கு அனுப்பி, இன்னும் 30 நாள் கேட்க வேண்டும். அங்கே கிடைக்கும் அனுமதி எண் அதிகபட்சம் மூன்று ஆண்டு செல்லும். பிறகு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக ஒருவரைத் தண்டிக்கவும் கூடாது. கேட்கும் கருத்தும் குறிப்பானது: இந்தத் தகவல் உண்மையிலேயே தேவையா, நேரக் கணக்கு சரியா, கேள்விகளை இன்னும் தெளிவாக்க முடியுமா, சுமையைக் குறைக்க வழி உண்டா.

குடிமகனின் ஒரு மணி நேரம் அரசுக்குச் சொந்தமில்லை, அதை எடுத்துக்கொள்ளக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று ஒரு பெரிய அரசு தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டது சாதாரணமான காரியம் இல்லை. அந்தப் பெருமையைக் குறைக்காமலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மீதமிருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள் என்று அரசிதழில் அழைத்தாகிவிட்டது, யாரும் வரவில்லை. அதோடு கேட்க வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறதா?

ஏனெனில், யாரும் வராமல் போவது அடிக்கடி நடக்கிறது. அறிவிப்பு வெளியிட்டோம், பொதுமக்களிடமிருந்து கருத்து எதுவும் வரவில்லை என்ற ஒற்றை வரி, சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் அனுமதிக்கு அனுப்பும் எத்தனையோ கோப்புகளில் உண்டு. மௌனம் சம்மதம் என்பார்கள். வாய் திறந்து மறுக்க முடிந்தவர் மறுக்காமல் இருந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும். இங்கே மௌனமாக இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பு தேய்ந்து அரைமணி நேரம் உட்கார முடியாதவர், மனச்சிதைவோடு போராடுபவர், பக்கவாதத்துக்குப் பிறகு எழுத்துகள் கலங்கித் தெரிபவர். அரசிதழ் என்று ஒன்று இருப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்து தேடினாலும், எண்களும் அட்டவணைகளும் நிறைந்த அறிவிப்பில் தன்னைப் படுத்திய பத்துப் பக்கம் இதுதான் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு தடையும் இருக்கிறது, அது வெளியே தெரிவதில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கு, குறை சொன்னால் அது தனக்கு எதிராகத் திரும்புமோ என்ற பயம். தொகை கிடைத்துவிட்டவருக்கு, கிடைத்ததைக் கிளறிவிடக் கூடாது என்ற பயம். பாதியில் கைவிட்டவரோ, அலுவலகத்தின் கண்ணுக்கே எட்டாதவர். இவர்களிடமிருந்து கருத்து வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது பொய்க்கணக்கு.

படிவத்துக்குள்ளேயே ஒரு கொடுமையும் இருக்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்த முடியாதவரிடம், உங்களால் மனத்தை ஒருமுகப்படுத்த முடிகிறதா என்று பத்துப் பக்கம் கேட்கிறோம். ஒழுங்காக எழுதிக் கொடுத்தால், இவ்வளவு எழுத முடிந்தவருக்கு வேலை செய்ய முடியாதா என்ற ஐயம் எழலாம். எழுதாமல் விட்டால் ஆதாரம் போதவில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். இந்த இக்கட்டை 61 நிமிடம் என்ற அளவு தொடவே இல்லை.

அரசின் பக்கமும் நியாயம் உண்டு. அதைச் சுருக்கிச் சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது. இது தானமாக வரும் பணம் இல்லை. முதுமைக்கால ஓய்வூதியத்துக்கும் இயலாமைக் காப்பீட்டுக்கும் சேர்த்து, தொழிலாளியின் சம்பளத்தில் 6.2 சதவீதமும், முதலாளியிடமிருந்து அதே அளவும் பிடித்துச் சேர்த்த நிதி. வெயிலில் கூரை வேய்பவரும் இரவெல்லாம் லாரி ஓட்டுபவரும் அதில் பங்கு போட்டிருக்கிறார்கள். தகுதியில்லாதவருக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் அவர்களிடமிருந்து போவதுதான். காப்பாளனாக இருப்பவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காமல் விட்டாலும் துன்பம் ஏழைக்கே வந்து சேரலாம்: வருமானம் மாறியதை உரிய நேரத்தில் கேட்டுப் பதியாமல், கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடு என்று சில ஆண்டுகள் கழித்து ஆயிரக்கணக்கான டாலருக்கு ஒரு கடிதம் வந்து விழும்போது, அன்றைக்கே நாலு கேள்வி கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று அந்தக் குடும்பமே நினைக்கும். ஆகவே கேள்விகளை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்பது கருணைபோலத் தோன்றினாலும் கருணை ஆகாது. ஒவ்வொரு கேள்வியும் தான் எடுத்துக்கொள்ளும் வலிக்குப் பதில் சொல்லுமா என்பதே சோதனை.

அந்தச் சோதனையில் தோற்ற கேள்வி ஒன்று நெடுங்காலம் நீடித்தது. இயலாமைக் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர் கடந்த 15 ஆண்டுகளில் பார்த்த வேலைகளைப் பட்டியலிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேலையிலும் எத்தனை மணி நேரம் நின்றார், எவ்வளவு எடை தூக்கினார், யாரையாவது மேற்பார்வை செய்தாரா என்றெல்லாம். கிடங்கிலும் உணவகத்திலும் மாறி மாறி வேலை பார்த்தவருக்கு, பன்னிரண்டு ஆண்டுக்கு முன் தூக்கிய பெட்டியின் எடை எப்படி நினைவிருக்கும்? ஞாபகக் குறைவுதான் நோயே என்றால்? அவர் தப்பாக எழுதியது, பிறகு அவர் சொல்லுக்கு எதிரான சாட்சியாக நிற்கவும் கூடும். 2023இல் இதை மாற்ற வரைவு விதி வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2024 ஜூனில் அந்த 15 ஆண்டு 5 ஆண்டாகக் குறைந்தது. அண்மைக் கால வேலைகளையே மக்கள் சரியாக நினைவுகூர்கிறார்கள் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சுமை குறைந்ததோடு உண்மையும் கூடியது. இரண்டும் எதிரெதிர்த் தட்டுகளில் இருப்பதாக நினைப்பதே பல அலுவலகங்களின் பிழை.

இன்னொரு கேள்வி வலியால் மட்டும் அளக்க முடியாதது. வயதாலோ உடல்நிலையாலோ முடங்கிய ஏழைகளுக்கான துணை வருமானத் திட்டம் 1974 முதல் இதே நிர்வாகத்தின் கையில் இருக்கிறது; அது காப்பீடு இல்லை, பொது வரிப்பணத்தில் நடப்பது. அதைப் பெறுபவரிடம் உங்கள் சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். அக்கா வாரந்தோறும் மளிகை வாங்கித் தருகிறாள் என்று உண்மையைச் சொன்னால் அது வருமானமாகக் கணக்கிடப்பட்டது. தங்குமிடமும் உணவும் பிறர் தருவதாக இருந்தால் மாதத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையலாம். இந்தக் கேள்வி இரண்டு பேரைக் கெடுத்தது. கொடுக்கும் அக்காவுக்கு, தான் கொடுப்பதால் தம்பிக்கு நஷ்டம் என்ற நிலை. வாங்கும் தம்பிக்கு, சொன்னால் காசு போகும், மறைத்தால் குற்றம் என்ற நிலை. உறவு வாழ்வதற்கான ஈரத்தை அரசே கணக்கெடுத்து உலர்த்தினால், மிச்சப்படும் டாலருக்கு என்ன மதிப்பு? 2024 செப்டம்பர் 30 முதல் உணவு அந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. இங்கும் வரைவு வந்தது, கருத்துக் கேட்டார்கள், பலர் எழுதினார்கள். கேட்டால் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று. மாற இவ்வளவு காலம் ஆனதும் அதே கதையின் பகுதிதான்.

எழுதிய அந்தப் பலரில் விண்ணப்பதாரர்களுக்காகப் பேசுவோரும் உண்டு. சட்ட உதவி வழக்கறிஞர்களும், மாற்றுத்திறனாளி அமைப்புகளும், கொள்கை ஆய்வாளர்களும். பிறருக்காகப் பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு: பேசத் தெரிந்தவரின் அக்கறை, பேச முடியாதவரின் அக்கறைபோல உருமாறிவிடும். ஆனாலும் அவர்கள் வாய் மூடினால் அந்த இடத்தை யாரும் நிரப்புவதில்லை என்பதை 2025இல் கண்டோம். முகவரி மாற்றம் போன்ற வேலைகளைத் தொலைபேசியில் முடிக்க வேண்டுமானால் இணையக் கணக்கின் வழியே ரகசிய எண் பெற வேண்டும், முடியாதவர் நேரில் வர வேண்டும் என்று நிர்வாகம் அந்தக் கோடையில் ஏற்பாடு செய்தது. அனுமதிக்காக அது அனுப்பிய ஆவணத்தில், சுமார் 34 லட்சம் பேர் கூடுதலாக அலுவலகங்களுக்கு வர நேரிடும் என்று அதுவே மதிப்பிட்டிருந்தது. கொள்கை ஆய்வாளர்கள் அதைப் படித்து வெளியே சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்ததும், அது கட்டாயமில்லை என்று நிர்வாகம் பின்வாங்கியது. சுமையை எண்ணிச் சொல் என்று சட்டம் கட்டாயப்படுத்தியிராவிட்டால் அந்த 34 லட்சம் ஒரு கோப்பிலும் இருந்திருக்காது. எண்ணியதைப் படிக்க ஆளில்லாமல் இருந்திருந்தால் எண்ணியும் பயனில்லை.

எண்ணும் முறையிலேயே ஒரு நெருடல் இருக்கிறது. இப்போதைய அறிவிப்புகளில் நிமிடங்களோடு ஒரு மணி நேரத்தின் கற்பனை விலையும் சேர்க்கிறார்கள்; அலுவலகத்தில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இயலாமைத் தொகை கேட்பவரின் ஒரு மணி நேரத்துக்கு, அந்தத் தொகையின் சராசரியையே அடிப்படையாக வைத்து விலை போடுகிறார்கள். அவருடைய நோயைப் பற்றி எழுதும் மருத்துவப் பணியாளர்களின் நேரத்துக்கு அவர்களுடைய சம்பள விகிதம். சிரமம் யாருக்கு அதிகமோ அவருடைய மணி நேரம் மலிவாகிவிடுகிறது. பொருளாதாரத்தில் இதற்கு விளக்கம் இருக்கும். ஆனால் சுமையை மலிவாகக் காட்டும் கணக்கு, அதைக் குறைக்க வேண்டும் என்ற உந்துதலையும் மலிவாக்கிவிடும். வலியோடு உட்கார்ந்திருப்பவரின் ஒரு மணி நேரம், நலமாக இருப்பவரின் ஒரு மணி நேரத்தைவிட நீளமானது என்று எங்காவது எழுதி வைக்க வேண்டும்.

வயதுவந்த குடிமக்கள் தம் குறையைத் தாமே வந்து சொல்லட்டும், அலுவலகம் வீடு வீடாகப் போக முடியுமா என்று கேட்கலாம். உண்மையிலேயே தேவை உள்ளவர் எப்படியும் நிரப்பிவிடுவார், தேவை குறைந்தவரே விலகிப்போவார் என்ற எண்ணமும் இதன் பின்னால் மறைந்திருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் மனசி தேஷ்பாண்டேயும் யுவே லியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. சமூகப் பாதுகாப்புக் கள அலுவலகங்கள் மூடப்பட்ட இடங்களைச் சுற்றி, இயலாமைத் தொகை பெறுவோர் எண்ணிக்கை 16 சதவீதம் குறைந்தது. அதிகம் விலகிப்போனவர்கள் கல்வி குறைந்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள், நடுத்தரத் தீவிர நோயுள்ளவர்கள். படிவத்தில் கைகொடுக்க ஒரு மேசையும் ஒரு மனிதரும் இல்லாமல் போனது அவர்களைத் தடுத்திருக்கிறது. சிரமமே சல்லடை என்றால், அது சலித்து வெளியே கொட்டுவது பொய்யரை மட்டும் இல்லை. இது தெரிந்த பிறகும், யாரும் புகார் சொல்லவில்லையே என்று ஓர் அதிகாரி அமைதியாக இருந்தால், அந்த அமைதிக்கு அவரே பொறுப்பு.

ஆகவே கேட்கும் கடமை, அறிவிப்பு ஒட்டியவுடன் முடிவதில்லை. பேச முடியாதவரிடம் கேட்கப் போகும்போதுதான் அது தொடங்குகிறது. அதற்கும் இந்தச் சட்டமே ஒரு முட்டுக்கட்டை. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே மாதிரிக் கேள்வி கேட்டால் அதுவும் தகவல் சேகரிப்பு. அதற்கும் அனுமதி வேண்டும். அதனால் ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் துறைகளில் உண்டு. இதற்கு வழி இல்லாமல் இல்லை. சேவை பற்றிய கருத்துகளைத் திரட்டப் பொது அனுமதி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். 2022 ஏப்ரலில் மேலாண்மை, வரவு செலவு அலுவலகம் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிய வழிகாட்டுதல், நலத்திட்டப் படிவங்களின் சுமையைக் கணக்கிடும்போது, விவரம் தேடி அலையும் பாட்டையும் மனத்துக்கு ஏற்படும் நெருக்கடியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. படிவத்தை நிரப்புவோரோடே கலந்தாலோசிக்கவும் சொன்னது. ஒன்பது பேரோடு தொடங்கினாலும் போதும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட மூவர், தள்ளுபடியான மூவர், பாதியில் விட்ட மூவர். அவர்கள் 3373ஐ நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் நின்றார்கள், எதை இரண்டு முறை படித்தார்கள், எதற்குப் பொய் சொல்லத் தோன்றியது, ஏன் தோன்றியது என்று கேட்டு எழுதி, அடுத்த மூன்றாண்டு அனுமதிக்கான கோப்பில், கருத்து வரவில்லை என்று எழுதும் அந்த வரி இருக்கும் இடத்தில் வைக்கலாம்.