கடைசியாக முடிப்பவர்

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஷூவும் டிராக் பேண்ட்டும் வாங்கிக்கொண்டு ஜிம்மில் சேர்ந்தால், வீட்டில் முதலில் வரும் கேள்வி: "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" கேட்பவருக்கு மூட்டு பற்றியோ இதயம் பற்றியோ நிஜமான கவலை இருக்கலாம். ஆனால் தொனியைக் கவனித்தால் அது மருத்துவக் கேள்வி இல்லை, அறக் கேள்வி. வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். முதுமை ஒவ்வொன்றாக விட்டுவிட வேண்டிய காலம். அப்போது போய் உடம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது பேராசை. கேள்விக்குள் இருக்கும் தீர்ப்பு இதுதான்.

செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்தில் இந்தத் தீர்ப்பை உரசிப் பார்க்கலாம். அங்கே குன்றின் மேல் பல்லவர் காலக் குடைவரை ஒன்று. உள்ளே, பாறையிலேயே செதுக்கிய பிரம்மாண்டமான ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அவரைப் பார்க்க நூற்றுச் சொச்சம் படிகள் ஏற வேண்டும். எழுபது வயதுப் பாட்டி மூச்சிரைக்க, நடுவில் ரெண்டு தடவை உட்கார்ந்து ஏறினால் யாரும் "எதுக்கு?" என்று கேட்பதில்லை. கை கொடுப்பார்கள். அதே பாட்டி அதே அளவு படிகளை ஒரு பயிற்சியாளரின் விசிலுக்கு ஏறினால் சிரிப்பார்கள். இரண்டிலும் நெஞ்சு அடித்துக்கொள்வது ஒரே மாதிரிதான். சாமிக்காக உடம்பை வருத்தினால் பக்தி. உடம்புக்காகவே வருத்தினால் ஆசை. அப்படியென்றால் வயதான உடம்பு தனக்கென்று எதையும் கேட்கக் கூடாதா?

நான் பேசுவது காலை நடைப்பயிற்சியைப் பற்றி இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு முட்ட உழைத்து, சற்று ஓய்ந்து, மறுபடி உழைக்கும் கடும் பயிற்சியைப் பற்றி. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் பெயரால் பிரபலமான முறையில் 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு, இப்படி எட்டுச் சுற்று. மொத்தமே 4 நிமிடம். 2000-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிராஸ்ஃபிட், இந்த மாதிரி கடும் பயிற்சிகளைக் கூட்டமாகச் செய்யும் பழக்கத்தைப் பரப்பியது. அன்றைய பயிற்சி பலகையில் எழுதியிருக்கும். எல்லோருக்கும் ஒரே பயிற்சிதான். எடையும் எண்ணிக்கையும் ஆளுக்கு ஏற்றபடி குறையும்.

வயதானவர்கள் இதைச் செய்யலாம் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் காரணம் ஆயுள். நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயது வரையிலான 1,567 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு குழுவுக்குக் கடும் பயிற்சி, இன்னொன்றுக்கு மிதமான பயிற்சி, மூன்றாவது குழு நாட்டின் பொதுவான உடற்பயிற்சிப் பரிந்துரையைப் பின்பற்றினால் போதும். கடும் பயிற்சிக் குழுவில் இறப்பு சற்றுக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாக நம்பக்கூடிய அளவுக்கு இல்லை. ஆக, ஆயுளை நீட்டித் தர்றோம்னு யாராவது சந்தா கேட்டால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வலு. இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வாரம் கால்களுக்குக் கடுமையான எடைப் பயிற்சியைத் தொடங்கினார்கள். முடித்த ஒன்பது பேருக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. நம் பக்கத்திலேயே, பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் 2024-ல், 82 வயதில், பளு தூக்கும் போட்டியில் கலந்துகொண்டு 50 கிலோ தூக்கினார். "இனிமே உடம்பு கேக்காது" என்பது பொதுவிதி இல்லை.

சரி, அந்த வலு எதுக்கு? இங்கேதான் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறோம்: "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாரமாக இல்லாதிருப்பது கடமை என்றால், பக்கவாதத்தில் விழுந்தவர் கடமை தவறியவர் ஆகிறார். செஞ்சிப் பக்கம் நாற்பது வருஷம் குனிந்து நாற்று நட்டு, முட்டி தேய்ந்துபோன ஒரு அம்மா, ஜிம்முக்குப் போகாததால் குற்றவாளி ஆகிறார். அவருக்கு முதுமையில் கிடைக்க வேண்டிய நியாயம் ஓய்வு. இன்னொரு சுற்றுப் பயிற்சி இல்லை. தவிரவும் எத்தனை கிலோ தூக்கினாலும் கடைசியில் யாரோ ஒருவர் நம்மைத் தூக்கத்தான் போகிறார்கள்.

சிங்கவரத்தை ஒட்டியே திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். அருகே, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழங்காலக் கல்வெட்டு. உடம்பை வளர்ப்பதற்கு நேர் எதிர்த் திசை. கடும் பயிற்சி பற்றிய பேச்சில் இவர் எதற்கு என்று தோன்றலாம். உடம்பை விடுவதற்கும் பயிற்சி வேண்டும் என்று நினைத்த மரபு அது. அதைவிட முக்கியம், அந்த நோன்பு தனியாளின் வீரம் இல்லை. குருவின் அனுமதி வேண்டும். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளத் துறவிகள் வேண்டும் என்கின்றன சமண நூல்கள். அத்தனை பெரிய துறவியும் கடைசிக் கட்டத்தில் மற்றவர்கள் கையில்தான் இருந்தார்.

குழுப் பயிற்சியின் மதிப்பும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. கிராஸ்ஃபிட் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் முடித்தவர்கள் கிளம்பிப் போவதில்லை. கடைசி ஆள் முடிக்கும்வரை நின்று கைதட்டுகிறார்கள். வயதானவர் பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள்தான். வேலையிலும் வீட்டிலும் முன்னால் நின்றே பழகிய ஒருவர், இருபத்தைந்து வயதுக்காரர்கள் பார்க்க, பாதி எடையோடு, கை நடுங்க, கடைசியாக முடிக்கிறார். "வாங்க அங்கிள், இன்னும் மூணுதான்" என்று யாரோ எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கு மருத்துவமனையில் ஒரு செவிலியர் கையைப் பிடித்து "இன்னும் ரெண்டு அடி" என்று சொல்லும்போது தேவைப்படப் போவதும் இதே பக்குவம்தான். எண்ணுகிற பையனும் ஒன்றைக் கற்கிறான்: காத்திருப்பது ஒன்றும் நஷ்டம் இல்லை.

பலவீனத்தை ஒழிப்பதற்காக இல்லாமல், மற்றவர்கள் நடுவே பலவீனமாக இருக்கப் பழகுவதற்காக உழைப்பதில் பேராசை எதுவும் இல்லை. எனவே "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்பவர்களிடம் கோபப்பட வேண்டாம். "கடைசியா வர்றதுக்குப் பழகிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கட்டலாம்.