அண்மையும் சேய்மையும்

முகமறியாத ஒருவரிடத்தில் நமக்கு உண்டாகும் சிநேகம் மெய்யான சிநேகந்தானா, அல்லது அடுத்த வீட்டுக்காரரோடு பழகுவதிலுள்ள சிரமங்களிலிருந்து தப்புவதற்காக மனம் தேடிக்கொள்ளும் ஒரு சௌகரியமா என்ற கேள்வி, அறநூல்களைப் பயில்வோருக்கு எக்காலத்தும் எழக்கூடியது. அமெச்சூர் ரேடியோ என்றும், அதில் ஈடுபட்டோர் தமக்குள் வழங்கும் பெயரால் ஹாம் ரேடியோ என்றும் சொல்லப்படும் சாதனமோ, இக்கேள்வியைச் சிந்தனையளவில் நிறுத்தாமல், கம்பியும் கருவியுமாக நம் கண்முன் கொண்டுவந்து வைக்கிறது. மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி, உரிமமும், தமக்கென கால்சைன் என்னும் ஓர் அடையாளக் குறியும் பெற்றவர், 12 வயது நிரம்பிய சிறுவராயினும் சரி, தள்ளாத வயதினராயினும் சரி, தம் வீட்டு அறையில் அமர்ந்தபடியே கடல்களுக்கு அப்பாலுள்ள ஒருவரோடு உரையாடலாம். அவ்வாறு உலகத்தோடு பேசும் ஆற்றல் கைவந்த ஒருவர், சந்தா கட்டி, கூட்டங்களுக்குச் சென்று, உள்ளூர் ஹாம் கழகத்தில் அங்கத்தினராக இருக்க வேண்டிய அவசியந்தான் என்ன? அத்தகைய கழகமொன்றில் சேர்ந்து பழகிய பின்னர், இது சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, அறத்தைச் சார்ந்த விஷயம் என்று எனக்குத் தோன்றியதால், அதனைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறேன்.

முதலில், ஹாம் என்றே அழைக்கப்படும் அத்தகைய ஒருவர் விடுக்கும் அழைப்பின் இயல்பைப் பார்ப்போம். தொலைபேசியில் நாம் ஒருவரை அழைக்கிறோமென்றால், உறவோ, தொழிலோ, பழைய பரிச்சயமோ ஏற்கெனவே நம்மை அவரோடு பிணைத்திருக்கிறது. 'சி.க்யூ.' என்று ஹாம் விடுக்கும் பொது அழைப்புக்கு விலாசம் கிடையாது. தாம் பேச எண்ணும் அலைவரிசையில் வேறெவரேனும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று சிறிது நேரம் செவிமடுத்து, அது உபயோகத்தில் இருக்கிறதா என்று வாய்விட்டும் கேட்டு, பதிலில்லையெனக் கண்ட பிறகே அவர் அழைக்கத் தொடங்குகிறார். அழைத்துத் தம் கால்சைனைக் கூறி முடித்ததும், எவர் மறுமொழி தருவாரோ என்று மீண்டும் செவிமடுக்கிறார். மறுமொழி தருபவர் எந்தத் தேசத்தவராகவும் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். அன்பு தொடர்புடையார்மேற் செல்வதென்றும், அருள் தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள்மேலும் செல்வதென்றும் பரிமேலழகர் அவற்றின் பேதத்தை விளக்கினார். அந்த வகுப்பின்படி நோக்கினால், தொலைபேசி அன்பின் கருவியென்றும், விலாசமற்ற இந்த அழைப்பு அருளின் சாயல் படிந்ததென்றும் சொல்லலாம். எங்கோ ஒருவர் இருக்கிறார், அவர் குரல் நம் காதுக்கு உரியது என்ற சிரத்தை இல்லாத ஒருவர் இரவு வேளையில் கருவியின் முன் அமர்ந்து காத்திருக்கமாட்டார்.

இந்த அழைப்பைச் சுற்றி உலக நாடுகள் கூடி இட்டிருக்கும் வேலியும் கவனிக்கத்தக்கது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள், பொருள் ஈட்டும் நோக்கம் சிறிதுமின்றி, ரேடியோக் கலையில் உள்ள தனிப்பட்ட ஆர்வம் ஒன்றினாலேயே ஈடுபடுவோரின் பணியென்று இதனை வரையறுக்கின்றன. வெவ்வேறு நாடுகளின் ஹாம்கள் பேசிக்கொள்வதன் பொருள் பிறருக்கு மறையும்படி சங்கேதமாக்கப்படலாகாதென்றும் கட்டளையிடுகின்றன. லாபம் கூடாது, ரகசியம் கூடாது என்னும் இவ்விரண்டு நியமங்களையும் தாமாகவே விரும்பி ஏற்றுக்கொண்டு, அதற்காகப் பரீட்சையும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்களென்றால், பலனை வேண்டாத கருமத்தைக் கீதை போதித்ததன் ஒரு சிறு பிரயோகம் லௌகிக வாழ்க்கையிலேயே நடைபெறுகிறதென்று நாம் மகிழலாம். ஜோர்தான் மன்னர் ஹுசைன் 'ஜேஒய்1' என்ற கால்சைனோடும், ராஜீவ் காந்தி 'வியூ2ஆர்ஜி' என்ற கால்சைனோடும் இந்தச் சமூகத்தில் இருந்தனர். குடையும் கொடியும் அலையில் ஏறிச் செல்வதில்லையாதலால், மன்னரானாலும் மாணவரானாலும் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

இவ்வளவு உயர்வையும் சொன்ன பிறகு, இதிலுள்ள அபாயத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அந்த அபாயத்தை இயற்கையே நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. சிற்றலைகள் பூமியின் வளைவைத் தாண்டித் தொலைதூரம் செல்வதற்குக் காரணம், 200 கிலோமீட்டருக்கும் மேலேயுள்ள அயனி மண்டலத்தின் அடுக்குகள் அவற்றை வளைத்துத் திருப்பிவிடுவதே; அம்மண்டலம் உண்டென்பதை 1924ஆம் ஆண்டில் தம் சோதனைகளால் நிலைநாட்டிய எட்வர்டு ஆப்பிள்டன், அதன் பொருட்டு 1947ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவ்வாறு மேலே சென்று திரும்பும் அலை நெடுந்தொலைவுக்கு அப்பாலேயே தரையைத் தொடுகிறது. தரையை ஒட்டிச் செல்லும் அலையோ சில பத்துக் கிலோமீட்டருக்குள் தேய்ந்து மறைகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் ஒன்றும் கேட்பதில்லை. அதனை ஹாம்கள் 'ஸ்கிப் ஸோன்' என்கிறார்கள். சென்னையிலிருந்து பகற்பொழுதில் 14 மெகாஹெர்ட்ஸில் பேசுபவரின் குரல் ஐரோப்பாவில் ஒருவருக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே வேளையில், வேலூரிலோ புதுச்சேரியிலோ இருப்பவருக்கு வெறும் இரைச்சலே கேட்கக்கூடும். சேய்மையிலுள்ளவரை எட்டிய குரல் அண்மையிலுள்ளவரின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. மனத்துக்கும் இப்படியொரு ஊமைப் பிரதேசம் உண்டென்பதை நாம் மறுக்க முடியுமா? மானிட வர்க்கம் முழுவதையும் நேசிப்பதாக உணர்ச்சியோடு பேசுகிற ஒருவர், தம் தெருவில் நோயுற்றுக் கிடப்பவரின் பெயரைக்கூட அறியாதிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தூரத்திலுள்ளவர் நம்மிடம் கடன் கேட்பதில்லை; அவருடைய குறைகள் நமக்குத் தெரிவதில்லை; சலிப்புத் தோன்றினால் விசையைத் திருப்பி அவரை இல்லாமலாக்கிவிடலாம். ஆகையால், தொடர்பில்லாரிடத்துச் செல்லும் அருளென்று நாம் எண்ணிக்கொள்வது, தொடர்பின் பாரத்தைச் சுமக்க விரும்பாத மனத்தின் ஆசையாகவும் இருந்துவிடக்கூடும்.

உள்ளூர்க் கழகம் இந்த ஆசைக்கு இடங்கொடாமல் ஹாமை மண்ணில் நிறுத்திவைக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் பேசுவதற்குரிய டைபோல் ஆன்டெனாவுக்குச் சுமார் 20 மீட்டர் நீளக் கம்பி வேண்டும். அதைத் தனியொருவராக ஏற்றுவது அரிது. ஒருவர் மரக்கிளையின்மேல் கயிற்றை எறிய, மற்றொருவர் மறுமுனையை மொட்டைமாடியில் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் உள்ளே, ஆன்டெனா கருவிக்குப் பொருந்துவதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துக் கூவிச் சொல்ல, கம்பியின் நுனியை வெட்டியும் சேர்த்தும் அவர்கள் சரிசெய்கிறார்கள். எங்கோ தூரத்திலிருந்து வரப்போகும் முதற் குரலைத் தனியே அமர்ந்து கேட்கப்போகிறவருக்கு, அந்தக் குரல் இத்தனை பேருடைய கைகளின் வழியாக வருகிறதென்ற உண்மை அப்பொழுது விளங்குகிறது. ஒருவருடைய ஒலிபரப்பு அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் கோடுகளாகவும் கரகரப்பாகவும் புகுந்துவிட்டால், கோபத்தோடு வந்து கதவைத் தட்டும் அண்டை வீட்டாரிடம் எவ்வாறு பேசுவது, ஃபில்டரை எங்கே பொருத்துவது, அதுவரையில் எந்த வேளையில் பேசாதிருப்பது என்பவற்றையெல்லாம் மூத்த அங்கத்தினர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். மோர்ஸ் பழகும் சிறுவனுக்காக, பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மாலைதோறும் சாவியைத் தட்டிக்காட்டிக்கொண்டிருப்பதை எங்கள் கழகத்தில் நான் கண்டிருக்கிறேன். ஹாம் ஒருவர் இறந்துவிட்டால் அவரைச் 'சைலண்ட் கீ' என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தூர தேசத்து நண்பர்கள் அச்செய்தி கேட்டு மெய்யாகவே வருந்துவார்கள். எனினும் துக்க வீட்டுக்குச் சென்று, கம்பத்தில் ஏறி ஆன்டெனாவை இறக்கி, கருவிகளை நியாயமான விலைக்கு விற்று அந்தத் தொகையைக் குடும்பத்தாரிடம் சேர்ப்பிப்பவர்கள் உள்ளூரார்தாம்.

கழகமென்றால் கட்சியும் சச்சரவும் பதவியாசையும் உண்டாகுமே, ஆத்ம லாபம் கருதுபவனுக்கு ஏகாந்தமல்லவா உகந்தது என்று ஆட்சேபிப்போர் உண்டு. கழகங்களில் மனஸ்தாபங்கள் உண்டென்பது உண்மையே. குரலை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் ரிப்பீட்டரை எங்கே வைப்பது என்பதிலிருந்து கூட்டத்தை எந்த நாளில் கூட்டுவது என்பதுவரையில் எதிலும் அபிப்பிராய பேதம் எழலாம். ஆனால் ஏகாந்தத்தின் பெருமையை நன்கறிந்த நம் சமய நூல்கள் அதனோடு நின்றுவிடவில்லை. பௌத்தர்கள் சரணமடையும் மூன்றில் சங்கமும் ஒன்றாக இருக்கிறது. மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரத்தில், மலம் நீங்கி ஞானம் கைவரப் பெற்றவனையுங்கூட அடியாரோடு கூடியிருக்கும்படி விதிக்கிறார். எல்லாம் அடைந்தவனுக்கே கூட்டம் வேண்டுமென்றால், உரிமத்தை மட்டும் அடைந்தவனுக்கு அது வேண்டாமென்பது எவ்வாறு பொருந்தும்? தன்னைப்போல் எண்ணாதவரோடு ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கூட்டம் முடிந்ததும் அவரையே தன் வண்டியில் ஏற்றிச்சென்று வீட்டில் விடுகிற பழக்கம் ஏகாந்தத்தில் வாய்ப்பதில்லை.

இத்தகைய கூட்டத்தால் ஓர் ஊர் அடையக்கூடிய பிரயோஜனத்துக்குச் சென்னையின் சரித்திரமே சான்று. அகில இந்திய வானொலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் அமைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி முதல் 40 வாட் சக்தியுள்ள கருவியைக்கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. பண முட்டுப்பாட்டால் 1927ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று. ஆனால் கிளப்பார் தங்கள் கருவியை நகரசபைக்கு அளித்துவிட்டார்கள். நகரசபை 1930ஆம் ஆண்டில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. தங்களால் நடத்த முடியாமற்போனதை ஊருக்கே கொடுத்துவிட்ட அந்தச் செயலில், லாபம் கருதாத ஈடுபாடு தன் ஊரின்மேல் வைத்த அன்பாக முதிர்ந்ததைக் காண்கிறோம்.

நான் கூறவந்த கருத்தை இன்னும் துலக்கமாகக் காட்டுவது 2004ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஹைதராபாதிலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில், பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. அந்தமானிலிருந்து ஹாம்களின் குரல் எழும்பி நெடுங்காலம் ஆகியிருந்தமையால், அதனோடு ஒருமுறையேனும் தொடர்புகொள்ள வேண்டுமென்று பல நாட்டவரும் ஆவலோடு அழைத்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26ஆம் தேதி பூமி அதிர்ந்து, கடல் பொங்கி, தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அக்குழுவினர் அந்த அழைப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, அருகே தவித்துக்கொண்டிருந்தோரின் செய்திகளைப் பெருநிலப்பரப்பில் காத்திருந்த உறவினருக்கும் அதிகாரிகளுக்கும் சேர்ப்பிப்பதில் முனைந்தார்கள். சேய்மையை நாடி ஏற்றிய ஆன்டெனா அண்மையிலிருந்த துயரத்துக்குப் பயன்பட்டது.

இங்கே மற்றொரு தொழில்நுட்ப உண்மையையும் சொல்ல வேண்டும். தூரத்தை எட்ட விரும்பும் ஹாம் தம் கம்பியை இயன்றவரை உயரத்தில் ஏற்றுகிறார். ஊமைப் பிரதேசத்திலுள்ள அண்டை மாவட்டங்களை எட்ட விரும்பினாலோ, அதே 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியைப் பத்து மீட்டருக்கும் கீழே தாழ்த்திக் கட்டுகிறார். தாழ்ந்த கம்பியிலிருந்து அலை செங்குத்தாக மேலே சென்று, மழையைப்போல் சுற்றுவட்டாரத்தின்மேல் இறங்குகிறது. விபத்துக் காலங்களில் உள்நாட்டுத் தொடர்புக்குப் பெரிதும் உதவுவது இந்த முறையே. அண்மையிலுள்ளவரை அடைய விரும்புகிறவன் தாழ வேண்டுமென்பது ஆன்டெனாவுக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு நமக்கும் பொருந்துகிறது.

ஆதலால் முகமறியாதாரிடத்துச் சிநேகம் மெய்யானதா என்ற கேள்விக்கு என் விடை இதுவே. அது மெய்யாவதற்கு இடமுண்டு. ஆனால் அந்த மெய்ம்மையைப் பெயரும் முகமும் குறையும் தெரிந்த மனிதரிடையே பழகித்தான் அது ஈட்டிக்கொள்ள வேண்டும். அன்பு முதிர்ந்தே அருளாக வேண்டுமென்று நம் முன்னோர் கண்ட முறையில், இல்லறத்தைத் தாண்டிக் குதித்துத் துறவறத்தை அடையும் குறுக்கு வழி கூறப்படவில்லை. உலகத்தோடு பேச வேண்டுமென்ற விருப்பம் உள்ள இளைஞர்கள் கருவி வாங்குவதற்கு முன்பே தங்கள் ஊர்க் கழகத்தைத் தேடிச் செல்வார்களாக. அங்கே பிறருடைய கம்பிக்குக் கயிறு பிடித்துக் கொடுத்து, பிறர் பேசும்போது கேட்டிருக்கப் பழகிய பிறகு அவர்கள் விடுக்கும் அழைப்பு எத்தனை தூரம் சென்றாலும் அதன் பொருளை இழக்காது.