முதல் நன்மையோடு நின்றுபோகும் படிப்பு

1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துச் சலாபத்தில் எதிரிகளிடமிருந்து போர்த்துகீசியர் தந்த பாதுகாப்புதான் உடனடிக் காரணம். வேதத்தின் பொருள் அறிந்து ஞானஸ்நானம் வாங்கியவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள். முதலில் விசுவாசம், பிறகுதான் பாடம்.

1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்த ஆட்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, தாமும் உருப்போட்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளின் வேலை. நோயாளி கிடக்கும் வீடுகளுக்கும் அவர்களையே அனுப்பிச் செபம் சொல்லவைத்தார்.

கிளிப்பிள்ளைப் பாடம் என்று இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடுத்து, மக்களைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள். பரதவர்கள் அசையவில்லை. சாதித் தலைவர்களின் பிடியும் பனிமய மாதா மீதிருந்த பற்றும் அதில் பெரும்பங்கு வகித்தன என்பது உண்மை. ஆனாலும் குரு இல்லாத வீட்டில் செபமாலை சொல்ல, முன்பே மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும் அல்லவா?

உருப்போட்டது மட்டும் போதாது என்பதைச் சவேரியாருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் புரிந்துகொண்டிருந்தார். தமிழைக் கற்று இலக்கணமே எழுதினார். 1578-இல் கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. மறு ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. பின்னது வினாவிடை நூல். விசுவாசிக்கிறவன் எதை விசுவாசிக்கிறான் என்று விளக்கம் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது.

விளக்குவது எப்படி? கி.பி. 400 வாக்கில் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தேயோகிராசியாஸ், தாம் நடத்தும் பாடம் தமக்கே சலிப்பாக இருக்கிறது என்று புனித அகுஸ்தினாரிடம் முறையிட்டார். பதிலாக வந்தது ஒரு தனி நூல். வந்தவர் ஏன் வந்தார் என்று முதலில் விசாரி. படித்தவரிடம் அவர் அறிந்ததையே நீட்டி முழக்காதே. நின்று களைத்தவருக்கு உட்கார இருக்கை கொடு. கற்பித்தலின் இலக்கு அன்பு என்பதே அந்த நூலின் அடிநாதம். கொட்டாவியைக் கூடக் கவனித்த ஆசிரியர் அவர்!

இன்றைய ஞாயிறு மறைக்கல்வியில் தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு, ஆண்டு விழாவில் பரிசும் உண்டு. முதல் நன்மை, உறுதிபூசுதல் முடிந்ததும் பலருக்குப் படிப்பு நின்றுவிடுகிறது. நாற்பது வயதில் பிள்ளையைப் பறிகொடுத்தவர், பத்து வயதில் படித்த விடையை வைத்துக்கொண்டுதான் கடவுளிடம் வழக்காட வேண்டியிருக்கிறது. இங்கேதான் கோளாறு, மனப்பாடத்தில் அல்ல.

வளர்ந்தவர்களுக்கான மறைக்கல்வியே தலையாயது என்று 1971-இல் வத்திக்கான் வெளியிட்ட பொது மறைக்கல்வி வழிகாட்டி சொல்லிவிட்டது. பிள்ளையைக் கோயில் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும் பங்குகள் ஒரு வகுப்பு தொடங்கட்டும்.