தன்னாற்றலில் நம்பிக்கை



சென்ற ஆண்டு ஒரு நாள் காலை எம் பேரன் பள்ளி விளையாட்டு விழாவிற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். 1500 மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருந்தான். நான்கு மாதங்களாக விடியலில் எழுந்து ஏரிக்கரையில் ஓடிப் பழகியவன் அவன். கஞ்சி அருந்திக்கொண்டிருந்தவனிடம், "நகரத்துப் பிள்ளைகளோடு நீ எங்கே ஓடப்போகிறாய்? விழாமல் வந்தால் போதும்" என்று நகையாகக் கூறினோம். அவன் மறுமொழி பேசவில்லை.

பொழுது சாயுமுன் உண்ண அமர்ந்தபோது நிகழ்ந்ததைக் கேட்டறிந்தோம். பாதித் தொலைவு வரை முன்வரிசையில் ஓடியவன், நகரத்து மாணவன் ஒருவன் நெருங்கியதும் தானாகவே வேகம் குறைந்து, களத்தை விட்டு விலகிவிட்டானாம். காலில் நோவில்லை, மூச்சும் முட்டவில்லை. "எப்படியும் என்னால் முடியாது என்று தோன்றியது, தாத்தா" என்றான்.

அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அந்நாளின் குற்றங்களை எண்ணிப் பார்த்தபோது காலையில் கூறிய அச்சொல்லே எம் முன் வந்து நின்றது. எறும்பையும் மிதிக்க அஞ்சும் நாம், ஓர் உயிரின் ஊக்கத்தைச் சொல்லால் மிதித்துவிட்டோமே! இதுவும் இம்சையன்றோ? அந்த வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தன்னாற்றலில் கொண்ட நம்பிக்கை ஒருவனுடைய ஆட்டத்தை உண்மையிலேயே மாற்றுமா? கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா (1925–2021) இதனை 1977-ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தார். அவர் கூறிய நம்பிக்கை 'நான் பெரியவன்' என்னும் எண்ணமன்று. குறித்த ஒரு செயலைச் செய்து முடிக்க என்னால் இயலும் என்னும் உறுதியே அது.

1979-இல் வைன்பர்க் முதலிய ஆய்வாளர்கள் இதனைச் சோதித்துப் பார்த்தனர். காலின் தாங்கும் திறனை அளக்கும் போட்டி ஒன்றில் மாணவர்களை ஈடுபடுத்தினர். எதிராளி முழங்காலில் அடிபட்டவர் என்று சிலரிடம் கூறினர். ஓட்டக்களத்தில் தேர்ந்தவர் என்று வேறு சிலரிடம் கூறினர். எதிராளியோ ஆய்வாளர்களின் ஆள்; வெல்பவர் அவரே என்பதும் முன்னரே செய்த ஏற்பாடு. ஆயினும் எதிராளி எளியவர் என்று கேட்டவர்கள் மற்றவரினும் நெடுநேரம் தாங்கினர். ஒருமுறை தோற்ற பின்னரும் அவர்கள் தளரவில்லை. காலின் வலிமை சொல்லால் கூடவில்லை. இருந்த வலிமையைப் பயன்படுத்தும் துணிவே கூடியது. இதைப் படித்தபோது எம் பேரனின் முகம் கண்முன் வந்தது.

அப்படியாயின் நம்பிக்கை ஒன்றே போதுமா? போதாது. இங்கிலாந்து நாட்டு ரோஜர் பானிஸ்டரின் கதையை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். ஒரு மைல் தொலைவை நான்கு நிமிடத்திற்குள் ஓட எவராலும் இயலாது என்று உலகம் எண்ணியிருந்ததாகவும், அவர் ஓடிக் காட்டியதும் மனத்தடை நீங்கிப் பலரும் ஓடினர் என்றும் கூறுவர். அது பாதி உண்மையே.

சுவீடன் நாட்டு குண்டர் ஹாக் 1945-இல் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடிய சாதனை ஒன்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது. மருத்துவ மாணவரான பானிஸ்டர் 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நான்காம் இடமே பெற்றார். அத்தோல்விக்குப் பின் அவர் வாளாவிருக்கவில்லை. கால் மைல் தொலைவை இடையிடையே சிறிது ஓய்வுடன் பத்து முறை ஓடுவதும், நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பதுமாகப் பயின்றார். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்கள் பிராஷர், சாட்டவே இருவரும் முன்னோடி வேகம் காத்துக் கொடுக்க, 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார். 46 நாட்களுக்குப் பின் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி பின்லாந்தில் 3 நிமிடம் 58 விநாடியில் ஓடி அதனையும் விஞ்சினார். லாண்டியும் முன்னரே 4 நிமிடம் 2 விநாடி அளவில் பலமுறை ஓடிப் பழகியவரே. நம்பிக்கை கதவைத் திறந்தது உண்மை. கதவு வரை நடந்து வந்தவை பயின்ற கால்களே.

2000-ஆம் ஆண்டில் இத்துறையின் 45 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், நம்பிக்கைக்கும் ஆட்டத்திறனுக்கும் உள்ள தொடர்பைச் சராசரியாக 0.38 என்று கணித்தனர். முழுத் தொடர்பு எனில் 1. தொடர்பே இல்லை எனில் 0. ஆகவே நம்பிக்கை பொருட்படுத்தத் தக்கது. ஆனால் அதுவே எல்லாமன்று.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. ஓட்டக்களத்து வெற்றியும் வீட்டின்பமும் ஒன்றல்ல என்பதை அறிவோம். எனினும் இரண்டிற்கும் செல்லும் முறை ஒத்திருக்கிறது. கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா இன்பம், கடையிலா வீரியம் ஆகிய நான்கும் உயிரின் இயல்புகள். அவ்வீரியத்தை மறைத்து நிற்பது வீரியாந்தராயம் என்னும் வினை. ஆற்றல் வெளியிலிருந்து வருவதன்று. மறைப்பு நீங்க வெளிப்படுவது. வெற்றி தருக என்று அருகப் பெருமானை வேண்டுதல் நம் நெறியன்று. அவர் தருபவரும் அல்லர், தடுப்பவரும் அல்லர். அவரை வணங்கும்போது நம்முள் இருப்பது இன்னது என்பதை நினைவுகூர்கின்றோம். காட்சி, ஞானம், ஒழுக்கம் மூன்றும் கூடினால்தான் நெறியாகும். அதுபோலவே 'இயலும்' என்று காணுதலும், எங்ஙனம் என்று அறிதலும், நாள்தோறும் பயிலுதலும் கூடினால்தான் ஆட்டம் சிறக்கும்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். நற்காட்சியைக் கெடுக்கும் எட்டுச் செருக்குகளுள் வலிமைச் செருக்கும் ஒன்று. பரதரும் பாகுபலியும் பொருத வந்தபோது, படைவீரர் உயிர் அழியாதிருக்க, அமைச்சர்கள் மூன்று போட்டிகளை வகுத்தனர்: கண் இமையாது நோக்கல், நீர் எறிதல், மற்போர். மூன்றிலும் வென்றவர் பாகுபலி. தம் ஆற்றலில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும் வென்ற அக்களத்திலேயே வெற்றியின் பயனின்மையை உணர்ந்து துறவு பூண்டார். ஐயமும் வேண்டா, செருக்கும் வேண்டா. அவ்விரண்டிற்கும் இடையே நிற்பதே உண்மையான தன்னம்பிக்கை.

பெற்றோர்களே, இந்நம்பிக்கை நான்கு வழிகளில் வளரும் என்றார் பண்டூரா. தானே செய்து வென்ற அனுபவம் முதலாவது. நான்கனுள் அதுவே வலியது. தன்னையொத்தவர் செய்யக் காண்பது இரண்டாவது. பிறர் கூறும் ஊக்கமொழி மூன்றாவது. உடலின் படபடப்பை அச்சம் என்று மயங்காமல் அமைதி காப்பது நான்காவது. ஆதலின் பிள்ளைக்கு எட்டும் இலக்கை முதலில் வையுங்கள். எட்டியபின் சிறிது உயர்த்துங்கள். அவனையொத்த பிள்ளைகளின் முயற்சியைக் காட்டுங்கள். பொய்ப் புகழ்ச்சி வேண்டா. செய்த பயிற்சியைச் சுட்டி மெய்யே கூறுங்கள். களத்திற்குச் செல்லுமுன் ஐந்து நிமிடம் சாமாயிகத்தில் அமரச் செய்யுங்கள்.

மறுநாள் விடியலில் எம் பேரனிடம் பிழை பொறுக்க வேண்டினோம். பின்னர்க் கடிகாரத்துடன் ஏரிக்கரைக்கு உடன் சென்றோம். அன்று முதல் அவன் ஓடும் நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகின்றோம். இவ்வாண்டும் அதே ஓட்டத்தில் கலந்துகொண்டான். ஐந்தாமவனாக வந்தான், ஆனால் முழுத் தொலைவையும் ஓடி முடித்தான். அக்குறிப்பேட்டில் அதுவரை எழுதிய நேரங்களுள் அன்றைய நேரமே குறைவானது. "அடுத்த ஆண்டு இன்னும் குறைப்பேன், தாத்தா" என்றான். பரிசு பெற்றிருந்தாலும் யாம் இத்துணை மகிழ்ந்திருக்க மாட்டோம்.

நம் இல்லங்களில் ஊக்கமொழி பெருகுக! ஒவ்வோர் உயிரும் தன் வீரியம் உணர்க! அறம் வளர்க!