ஊர்ல எந்தத் தெரு?

தமிழ்நாட்டில் பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிப்பது கடினம். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விட்டுவிடச் சொன்னது. அந்தப் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பட்டம் எழுந்துபோன இடத்தில் கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? குலசாமி எது? கறி சாப்பிடுவீங்களா?" சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய தலித்துகளுக்கு இந்த வரிசை மனப்பாடம். எனக்கும்தான். ஊருக்குப் பதில் பக்கத்து டவுனைச் சொல்வோம். தெருவைக் கேட்டால், "பஸ் ஸ்டாண்டு பக்கம்."

மறைப்பவரின் பயத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தப் பயத்தைவிட, மறைத்த பிறகு நம் உறவுகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என்னை அதிகம் வதைக்கிறது.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா அரசுப் பணிக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து விரட்டியதைப் பலரும் சொல்வார்கள். என் மனம் அதற்கு முந்தைய நாட்களிலேயே நிற்கிறது. ஆளில்லாத மாடி. மின்விளக்கு கிடையாது, ஒரு அரிக்கேன் விளக்குதான். பேச ஒரு மனிதர் இல்லாமல் புத்தகத்தில் முகம் புதைத்துக்கொள்கிறார். மிச்சச் சாமான்களைக் கொண்டுவந்த சகோதரி மகன், மாமாவின் நிலையைப் பார்த்து வாய்விட்டு அழ, அவனை உடனே திருப்பி அனுப்ப வேண்டியிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த ஊரில் அவருக்காக அழ வந்த ஒரே உறவு!

நூறு வருஷம் தாண்டியும் உறவுகளை வாசலோடு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்தால், "ஹவுஸ் ஓனரம்மாகிட்ட ரொம்பப் பேசாதம்மா" என்று சொல்லி வைக்கிறோம். பேச்சுவாக்கில் 'காலனி' என்று சொல்லிவிடுவாளே! அம்பேத்கர் படம் பீரோவுக்குள் போகிறது. பெரியப்பா, சித்தப்பாவெல்லாம் கல்யாண மண்டபத்தோடு சரி. அடுத்தமுறை அம்மாவும், "நீங்களே ஊருக்கு வந்துட்டுப் போங்க" என்கிறாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மட்டும், பாட்டி ஏன் வருவதில்லை என்று புரிவதில்லை.

சக மனிதர்களும் கைநழுவுகிறார்கள். ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு அவமானம் நேரும்போது, துணைக்கு நிற்கக்கூடிய இன்னொருவர் பக்கத்து மேசையில் இருப்பது தெரியாது.

"தைரியமாகச் சொல்ல வேண்டியதுதானே" என்று அறிவுரை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டைக் காலி செய்யப்போவது அவர்களல்ல. மறைக்க வைப்பது கேள்வி கேட்பவரின் அதிகாரம். கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அலுவலகத்தில் ஒரு நண்பர் உண்டு. "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்று மனசாரச் சொல்வார். அவரைச் சுற்றி யாரும் எதுவும் சொல்லாததால் அவருக்கு அது உண்மை. என் மௌனமும் அதற்கு ஒரு சாட்சி. அவர் நல்லவராகவே இருக்கலாம். சொல்லியிருந்தால் கூடவே நின்றிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை.