கடல்கோளும் வாய்மையும்

குமரிக்கண்டமென்னும் பழந்தமிழ் நாட்டைக் கடல் கொண்டதென்பதனைப் பிள்ளைகளுக்கு நிகழ்ந்த சரித்திரமாகவே கற்பிக்கலாமோ, அன்றிப் பழங்கதையென்று சொல்லி நிறுத்தலாமோ என்னும் ஐயம் சைவாசிரியர் பலர்க்கும் உண்டாவதொன்றாம். இதனை யாம் ஆராயப் புகுந்தது கல்வித்திறங் காட்டுதற்கன்று. 10 ஆண்டுக்கு மேலாக அதனைத் துணிந்து கற்பித்து, பின் ஒரு சிறுமியின் முன் விடையின்றி நின்றமையாலேயாம்.

யாம் இளமையிற் கற்றது கிறித்தவ மிஷனார் தாபித்ததொரு பாடசாலையில். அங்கே நோவாவின் பிரளயம் நடந்த செய்தியாகவும், நம் புராணங்கள் கூறும் பிரளயம் பாட்டிமார் கதையாகவும் ஒரே வாயாற் சொல்லப்பட்டன. அப்பாடசாலைக்கு யாம் பட்ட கடன் பெரிது. கணக்கும் ஆங்கிலமும் ஆங்கே பெற்றனவே. ஆயினும் அந்தத் தராசின் கோணல் எம்முள்ளத்தை நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. பின்னர்த் தோப்பூரில் ஆசிரியத் தொழில் செய்தபொழுது, மடகாசுகரையும் இலங்கையையும் அவுத்திரேலியாவையும் வெண்கட்டியால் ஒரே நிலமாக இணைத்துக் கரும்பலகையில் யாம் வரைந்ததெல்லாம் அவ்வுறுத்தலுக்கு இட்ட மருந்தேயென்று இப்பொழுது அறிகின்றோம்.

2004ஆம் ஆண்டு மார்கழித் திங்களிற் கொட்டியாரக் குடாக்கரையிற் கடல் ஏறிற்று. அடுத்த ஆண்டு யாம் வழக்கம்போல அப்படத்தை வரைந்து நிற்க, மூதூர்க் கரையிலிருந்து வந்த மாணாக்கி ஒருத்தி எழுந்து, “ஐயா, கடல் வந்தது, திரும்பியும் போய்விட்டது. எங்கள் வளவு அங்கேதான் கிடக்கிறது. குமரிக்கண்டம் மட்டும் ஏன் திரும்பி வரவில்லை?” என்றாள். வீடிழந்த பிள்ளை கேட்ட வினா அது. மழுப்பி விடையிறுக்க எமக்கு நா எழவில்லை.

நம் சித்தாந்த நூலோர் பொருளைத் துணிதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை வகுத்துத் தந்துள்ளார். பதியும் பாசமும் ஆராய்தற்கு அவற்றைக் கைக்கொள்ளும் நாம், ஊர்ச் சரித்திரம் பேசும்பொழுது அவற்றை மறந்துவிடுகின்றோம்.

உரையை முதலில் நோக்குவோம். இறையனார் களவியலுரை, தலைச்சங்கம் 4440 ஆண்டும், இடைச்சங்கம் 3700 ஆண்டும், கடைச்சங்கம் 1850 ஆண்டும் நிலவினவென்றும், முதலிரண்டும் இருந்த தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதென்றும் கூறும். கணக்குக் கற்பிப்போர் இவ்வெண்களை 37 ஆல் வகுத்துப் பார்க்க. 120, 100, 50 என ஈவு மிச்சமின்றி வரும். அரசரும் புலவரும் இருந்து கழித்த ஆண்டுகள் இவ்வாறு ஒழுங்காய் முடிதல் அரிது. வகுத்தமைத்த எண்ணென்றே எமக்குத் தோன்றுகின்றது. பஃறுளிக்குங் குமரிக்கும் இடையே 700 காவதமும் 49 நாடும் அழிந்தனவென்பது சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் கூற்று. குமரிக்கண்டமென்னும் பெயரோ கந்தபுராணத்தில் வருவது. ஆங்கு அது பரதகண்டத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்றன் பெயர், மூழ்கிய நாட்டின் பெயரன்று. இப்பெயரையும் அவ்வுரைகளையும் ஒன்றாகப் பிணைத்தோர் அண்மை நூற்றாண்டினர். உரையாசிரியர் நம் வணக்கத்துக்குரியர். அவர் வாக்கை ஆகமப் பிரமாணத்தோடு ஒப்ப வைத்தல் ஆகமத்துக்கே இழுக்காம்.

கருதலளவையால் வருவது யாது? நம் காட்டுத் தேவாங்கிற்கு உறவாகிய இலெமூர் என்னும் விலங்கு மடகாசுகரில் வாழ்தல் கண்டு, இடையே நிலம் இருந்திருத்தல் வேண்டுமென 1864இல் இசுக்கிலேத்தர் என்னும் ஆங்கிலேயர் ஊகித்து, அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். நிலப்பரப்புக்களே நகர்வன என்று 1912இல் வெகனர் கூறியது 1960களில் நிலைபெற்றபின் அவ்வூகம் வேண்டாததாயிற்று. இந்தியாவும் மடகாசுகரும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று மனிதரே இலர். ஆயினும் கடல் நிலங் கொண்டதென்பது முற்றும் வெறுஞ்சொல்லன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பனிக்கட்டி மிக்கிருந்தமையாற் கடல்மட்டம் இன்றினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. மன்னாரிலிருந்து இராமேச்சுரத்துக்குக் கால் நனையாமல் நடந்திருக்கலாம். பனி உருக உருக, பல்லாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் நீர் ஏறி அந்நிலத்தை மூடிற்று. சில வாரங் கழித்து அம்மாணாக்கிக்கு யாம் சொன்ன விடை இதுவே: அலையாய் வந்த நீர் மீளும், மெல்ல உயர்ந்த நீர் மீளாது. அந்நிலத்தில் நடந்தோர் தமிழ் பேசினரோவெனின், அதற்குச் சான்றில்லையென்பதையுஞ் சொன்னோம்.

இனிக் காட்சி. மூதூர்க் கரையில் நின்று குடாவுக்கு அப்பால் நோக்கின் கோணமலை தெரியும். திருஞானசம்பந்தர் பாடிய அத்தலத்துக் கோயிலைப் பறங்கியர் 1622க்கும் 1624க்கும் இடையில் இடித்து, அதன் கல்லைக்கொண்டு கோட்டை கட்டினர். வேறு பல கற்கள் மலையடிக் கடலிற் கிடந்தன. 1950இற் கிணறு தோண்டியபொழுது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் நீரில் மூழ்கிச் செதுக்கிய கற்களையுந் தூண்களையும் கண்டனர். கடலுள் மறைந்த நம் செல்வம் இதுவன்றோ! இதற்கு ஆண்டு உண்டு, இடம் உண்டு, இழைத்தாரும் உளர். அதனாற்போலும் நாம் இதனைச் சுருக்கிச் சொல்லி, குமரியை விரித்துச் சொல்கின்றோம். கடல்மேல் வழக்குத் தொடுப்பார் யாருமிலர்.

நூல்கள் அழிந்தமைக்கும் கடலையே சாட்டுகின்றோம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களைக் கொண்டது தீ. தீயை இட்டது மனிதர் கை. அதுவும் பிறர் செயல். எம்பாட்டனார் வீட்டுப் பரணில் இரண்டு கட்டு ஏடுகள் இருந்தன. கறையானரித்தவற்றை வீட்டில் வைத்தல் ஆகாதென்று பெரியோர் சொல்ல, அவற்றைக் குளத்தில் விடுதற்கு ஏந்திச் சென்ற சிறுவர் இருவருள் யாமும் ஒருவேம். அவற்றில் இருந்தது வைத்தியமோ, சோதிடமோ, பாட்டோ, யாரும் பிரித்துப் பார்த்திலர்.

‘பிள்ளைகள் பெருமிதங் கொள்ளுதற்கு ஒன்று வேண்டாவோ’ என்பர் சிலர். அன்பரே, எம்மையும் நெடுங்காலம் அவ்வெண்ணமே ஆண்டது. ஆனால் நோவாவின் பிரளயத்தை ஆராயாது கற்பித்த அவ்வாசிரியரைக் குறைகூறிய யாமே, நம் கடல்கோளை ஆராயாது கற்பிப்பின், அக்கோணல் தராசையன்றோ கைமாற்றி வாங்கினோம்? களவியலுரை கூறுவதை ‘இவ்வாறு உரைகாரர் கூறினர்’ என்று சொல்லிக் கற்பித்தலில் ஒரு குறையுமில்லை. அவ்வொரு சொற்றொடரை விட்டதே எம்பிழை.

இப்பொழுது அந்தப் படத்தை யாம் வரைவதில்லை. ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளைக் கோணமலைக்கு அழைத்துச் செல்கின்றோம். கோட்டை வாயிற் கல்லிற் பொறித்த கயலிரண்டையும் தமிழெழுத்தையும் அவர்கள் விரலாற் சுட்டி எழுத்துக்கூட்டுவர். சென்றமுறை ஒரு பையன், “ஐயா, இந்தக் கல்லைக் கடல் ஏன் கொள்ளவில்லை?” என்றான். கோட்டைக்கு வேண்டியிருந்தது என்றோம்.